தாலி கட்டியாகிவிட்டது என்றால் வழக்கு நிற்காதா?
வாசகர் கேள்வி - பதில்

இம்முறை ஒரே பொருளைச் சுற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்து வட்டத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடக் கூடாது என்பது போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 23ஆம் பிரிவு. குடும்பத்தார் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கல்யாணப் படத்தைப் போட்டு நியாயம் கேட்பதும் இதே பிரிவில் சிக்கலாம்.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது. தை மாதம் குலதெய்வக் கோயிலில் வைத்து என் தம்பி அவளுக்குத் தாலி கட்டிவிட்டான். அவன் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன், வயது முப்பது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியாயிற்று. "முறை மாமன் கட்டினால் எந்தப் போலீசும் கேட்க முடியாது" என்கிறார்கள். உண்மையா? – வாசகி, பாபநாசம் வட்டம்

உண்மை இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பதில் சொல்வதும் எளிது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய இரத்த உறவுக்குள் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் வழக்கம் அனுமதித்தால் கட்டலாம் என்று விலக்கும் தருகிறது. அக்கா மகளைக் கட்டும் முறை நம் பக்கத்தில் அந்த விலக்கில்தான் நிற்கிறது. விலக்கு உறவுக்கு மட்டும்தான். அதே 5ஆம் பிரிவில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயது நிபந்தனை தனியாக இருக்கிறது. அதற்கு வழக்கம் என்ற விலக்கே கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வயது குறைவு என்ற ஒரே காரணத்தால் அந்தத் திருமணம் தானாகச் செல்லாமல் போய்விடாது. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அந்தப் பெண் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் ரத்தாகும். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்: "திருமணம் செல்லும், ஆகவே குற்றம் இல்லை." இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திருமணம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, குற்றம் நடந்ததா என்பது வேறு கேள்வி. போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள எவரும் குழந்தை. அதில் 'மனைவியாக இருந்தால் தவிர' என்ற சொல் எங்கும் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட மனைவி என்ற விலக்கு இருந்தது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வயதை 18 ஆக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் 18 என்றே எழுதியிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு இந்த 'முறை' உதவவே உதவாது, பாரத்தைக் கூட்டும். குழந்தைக்கு இரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவினராக இருப்பவர் செய்தால் அது போக்சோ 5ஆம் பிரிவில் கடுங்குற்றம். திரும்பத் திரும்ப நடந்திருந்தாலும் அப்படியே, பெண் கர்ப்பமானாலும் அப்படியே. 2019 ஆகஸ்ட் 16க்குப் பிறகு நடந்த குற்றமென்றால் 6ஆம் பிரிவில் குறைந்தபட்சமே 20 ஆண்டு கடுங்காவல்.

"2022இல் உச்ச நீதிமன்றமே ஒரு தாய்மாமனை விடுதலை செய்ததே" என்று யாராவது சொல்வார்கள். அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். தீர்ப்பு வரும்போது இரண்டு குழந்தைகளோடு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தைக் கலைக்க வேண்டாம் என்று தண்டனையை ரத்து செய்த நீதிமன்றம், இந்த உத்தரவை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதிவைத்தது. அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் மீதியை மட்டும் சொல்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். குற்றம் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போக்சோ 19ஆம் பிரிவுப்படி சொல்லியாக வேண்டும். புகாரில் கல்யாணம் நடந்த தேதி, கோயில், பெண் இப்போது எந்த வீட்டில் இருக்கிறாள், பிறந்த தேதி, படித்த பள்ளி இவ்வளவும் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்கியதும் பிரிவுகளைப் பாருங்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 9, 10, 11ஐ மட்டும் போட்டு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு தண்டனைக்குரிய வழக்காகச் சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தலைகீழாக, போக்சோ மட்டும் போட்டு, கல்யாணத்தை முன்னின்று நடத்திய பெரியவர்களை விட்டுவிடுவதும் உண்டு. விசாரணையில் தெரியவருவதைப் பொறுத்து இரண்டு சட்டமும் சேர்ந்தே வர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புகாரைப் பதியாமல் விடுவதும் போக்சோ 21ஆம் பிரிவில் குற்றம்தான்.

சொந்தத் தம்பி மீது புகார் எழுதக் கை வராது என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போது இருக்கும் ஒரே பெரிய மனுஷி நீங்கள்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதிய வந்த பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறது. ஆதாரில் 18 முடிந்ததாக உள்ளது. பள்ளியில் விசாரித்தால் 17 என்கிறார்கள். குடும்பத்தார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சொன்னால் இனி யாரும் பதிவுக்கே வர மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. – திருத்துறைப்பூண்டி வட்டம்

முதலில் மருத்துவம். பதிவு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை எதையும் வழக்கைக் காரணம் காட்டி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. எஃப்.ஐ.ஆர். போட்டு வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. போக்சோ 27ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அடுத்து, ஆதார் வயதுக்கு ஆதாரம் அல்ல. 2024இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. சந்தேகம் வந்தபின் நீங்கள் வயதை நிரூபிக்கத் தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். மருத்துவ அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், யாரிடம் தெரிவித்தீர்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவர் தொடர்பான குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது. அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. அதற்காகத்தான் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது: மைனர் பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் 19ஆம் பிரிவுத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. மைனருக்குக் கருக்கலைப்பு வரம்பு 24 வாரம். பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த வாரக் கணக்கு தவறிப்போவதுதான் பெரிய இழப்பு. காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் நடந்துகொண்டிருக்கையிலேயே வாரங்கள் ஓடிவிடும்.

மருத்துவமனை செய்ய வேண்டியவை சில. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பெண் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். 'கணவர்' என்று அவள் சொன்னால் அப்படியே எழுதி, அவள் சொன்னபடி என்று குறிப்பிடலாம். மருத்துவரே 'திருமணமானவர், சம்மதத்துடன்' என்று முடிவு எழுதுவது அவர் வேலை இல்லை. இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது. மாதங்கள் கழித்து வரும் பெண்ணின் உடலில் காயம் இருக்காது, 'காயம் இல்லை' என்ற குறிப்பு எதையும் பொய்யாக்கிவிடாது. கருக்கலைப்பு நடந்தால் கருத்திசுவை டி.என்.ஏ. சோதனைக்கு முறையாகப் பாதுகாத்து, முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. சிதையும். இந்த ஒரு தவறால் மிக வலுவான சாட்சியம் வீணாகும்.

பள்ளிச் சான்றிதழ் இருந்தும் வழக்கு தோற்றது என்று கேள்விப்படுகிறோம். எந்தத் தாளை வாங்கி வைக்க வேண்டும்? – மகளிர் குழுப் பொறுப்பாளர், மன்னார்குடி வட்டம்

கல்யாணம் சொல்லப்படும் வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும். உறவு நடந்ததை எதிர்த்தரப்பு மறுக்கப் போவதில்லை, குழந்தை கையில் இருக்கும். அவர்கள் வாதம் ஒன்றே ஒன்று: "அன்றைக்கு அவளுக்கு 18 ஆகிவிட்டது."

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் மெட்ரிகுலேஷன் சான்று முதலில். நம் ஊரில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புச் சோதனை.

2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தண்டனையை ரத்து செய்தது. அங்கே அரசுத் தரப்பு வைத்தது மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. 94ஆம் பிரிவு கேட்கும் தாள் அது இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவர் கணித்த வயதோ 18ஐத் தாண்டியிருந்தது. ஆகவே டி.சி.யோடு நிற்காதீர்கள். பத்தாம் வகுப்புக்கு முன்பே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு, பிறப்புச் சான்றிதழைத்தான் தேட வேண்டும். பிறந்தது தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை என்றால் மாநகராட்சியில் பதிவு இருக்கும், தாயின் சொந்த ஊரில் அல்ல. வீட்டில் பிறந்தது என்றால் அந்தக் கிராமப் பிறப்புப் பதிவேட்டை கிராம நிர்வாக அலுவலர் மூலமும் தாலுகா அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். பெயர் சேர்க்காமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அதனால் பெற்றோர் பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். வழக்கு வந்தபின் புதிதாகத் தாமதப் பதிவு வாங்கினால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். தாளை வைத்தால் மட்டும் போதாது, தலைமை ஆசிரியரோ பதிவாளரோ மூலப் பதிவேட்டோடு கூண்டேறி அதை நிரூபிக்க வேண்டும்.

எலும்புச் சோதனையில் இரண்டு ஆண்டு முன்பின்னாக இருக்கலாம். 17 என்று வந்தால் 19 ஆகவும் இருக்கலாம் என்று சொல்லி, சந்தேகத்தின் பலனை எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கேட்பார். வேறு தாள் கிடைக்கும்போது இதை வலியப் போய் எடுப்பது வழக்கை நாமே பலவீனப்படுத்துவது.

வயது பாதிதான். மறு பாதி, குற்றம் நடந்த நாள். பெண்ணுக்கு இப்போது 19, புகார் இப்போதுதான் வருகிறது என்றால், 18க்கு முன்பு நடந்தது என்று காட்டியாக வேண்டும். குழந்தை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கரு உண்டான காலம் கிடைக்கும். பிக்மி பதிவில் உள்ள கடைசி மாதவிலக்குத் தேதியும் முதல் ஸ்கேனும் அதை உறுதி செய்யும். கல்யாணத் தேதிக்குப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பலகைப் படம், மண்டப ரசீது, வீடியோக்காரரின் பதிவு எல்லாம் உதவும். எல்லாவற்றையும்விட மொய் நோட்டு. தேதி போட்டு, ஊரார் பெயர் வரிசையாக எழுதிய நோட்டு அது. வந்திருந்த சாட்சிகளின் பட்டியலும் அதிலேயே இருக்கிறது. மறுநாளே காணாமல் போகக்கூடியதும் அதுதான், ஆகவே விசாரணை அதிகாரி முதல் சோதனையிலேயே கைப்பற்ற வேண்டும். செல்போன் படங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்று இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, பையன் வீட்டார் பணம் கட்டி, பதினெட்டு முடிந்ததும் பதிவுத் திருமணம் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். இப்போது புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். – கடலோரக் கிராமம், நாகப்பட்டினம் வட்டம்

வாபஸ் என்ற ஒன்றே இந்த வழக்கில் இல்லை. புகார் கொடுத்தவர் உங்கள் குடும்பமாக இருந்தாலும் வழக்கை நடத்துவது அரசு. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கை சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. பஞ்சாயத்தில் எழுதிய பத்திரம், குற்றம் நடந்தது ஊருக்கே தெரியும் என்பதற்கு எழுத்துச் சான்று. கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் தகவலை மறைத்தவர்களாகிறார்கள். கல்யாணத்தை நடத்தியிருந்தால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10, 11 பிரிவுகளிலும் வருவார்கள். அதில் 11ஆம் பிரிவில் மட்டும் பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை, அபராதம்தான்.

நடைமுறையில் வழக்கை உடைப்பது பிறழ் சாட்சியம். பெண் கூண்டில் ஏறி "ஒன்றும் நடக்கவில்லை" என்பாள், தாய் "வயது எனக்குத் தெரியாது" என்பாள். அவள் எதிரியின் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? அதனால் முதல் வாரம் முக்கியம். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், குழு அவள் எங்கே தங்குவது என்று முடிவு செய்து ஒரு துணை நபரை நியமிக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு வாக்குமூலம் விரைவாகப் பதிவாகட்டும். ஆனால் அந்த வாக்குமூலம் மட்டுமே தண்டனைக்குப் போதாது, கூண்டில் சொல்வதோடு ஒப்பிடத்தான் பயன்படும். குழந்தையின் டி.என்.ஏ. அறிக்கையும் 94ஆம் பிரிவுத் தாளும் சரியாக இருந்தால், தாய் பிறழ்ந்தாலும் வழக்கு நிற்கும். போக்சோ 29ஆம் பிரிவின் குற்ற ஊகத்தை, அதாவது எதிரிதான் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதை, மட்டும் நம்பிப் போகாதீர்கள். வயதும் செயலும் அடிப்படையாக நிரூபிக்கப்பட்ட பிறகே அது வேலை செய்யும்.

ஊர் விலக்கு, மிரட்டல் இருந்தால் 2018ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம். பணத்துக்காகப் பஞ்சாயத்தை நம்ப வேண்டாம். எஃப்.ஐ.ஆர். பதிவான பின் எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

நிக்காஹ் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாதுதானே? – கூத்தாநல்லூர் வட்டம்

போக்சோ எந்த மதத்துக்கும் விலக்கு தரவில்லை. வேறு சட்டத்தோடு முரண்பட்டால் முரண்படும் அளவுக்கு இதுவே மேலோங்கும் என்று 42-ஏ பிரிவு சொல்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில், தனிச்சட்டப்படி திருமணம் என்பது போக்சோவுக்குப் பதில் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

எனக்கு 17 வயது, அவருக்கு 20. நாங்களாகத்தான் போய்த் தாலி கட்டிக்கொண்டோம். என் அப்பா போக்சோ புகார் கொடுத்துவிட்டார். நான் விரும்பித்தான் போனேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா? – கும்பகோணம் வட்டம்

உனக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை அம்மா. 18க்குக் கீழே உன் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் முப்பது வயது மாமன் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தாலி கட்டுவதும் இதுவும் ஒன்றல்ல, நீதிமன்றங்களும் அந்த வேறுபாட்டைப் பார்க்கின்றன. பரஸ்பர விருப்பம் தெரியும் வழக்குகளில் கைதுக்கு அவசரப்பட வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இத்தகைய வழக்கு ஒன்றை ரத்தும் செய்திருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மேற்கு வங்க வழக்கொன்றில் குற்றத்தீர்ப்பை வைத்துக்கொண்டே, பெண்ணின் நிலையைப் பார்த்துத் தண்டனை விதிக்காமல் விட்டது. இவை ஒவ்வொன்றும் அந்தந்த வழக்குக்குரியவை, உன் வழக்கில் இப்படித்தான் முடியும் என்று யாரும் சொல்ல முடியாது.

உன் கையில் இருப்பவை: மாஜிஸ்திரேட் முன் நடந்ததை நடந்தபடி சொல். அப்பா சொன்னபடியும் சொல்லாதே, அவர் வீட்டார் சொன்னபடியும் சொல்லாதே. வயதைக் கூட்டிச் சொல்லாதே, தாள்கள் காட்டிக்கொடுக்கும், அதன் பிறகு நீ சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்கள். வீட்டில் அடி விழும் என்று பயந்தால் அதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சொல், அப்பா வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரோடும் இப்போது அனுப்ப மாட்டார்கள். குழந்தைத் திருமணம் செய்த ஆண் பெண்ணின் பாதுகாவலர் ஆகமாட்டார் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. இந்தத் திருமணம் வேண்டுமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்ய 20 வயது முடியும்வரை நேரம் இருக்கிறது. அதற்குள் மனுப் போட்டால் ரத்தாகும். நீ விரும்பாமல் பெற்றோரோ உறவினரோ அதைக் கேட்டு ரத்து செய்ய முடியாது. ரத்தானாலும், குழந்தை பிறந்திருந்தால் அது சட்டப்பூர்வமான குழந்தைதான். நீ மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சமும் கேட்கலாம்.

நாளை மறுநாள் முகூர்த்தம். பெண் ஒன்பதாம் வகுப்பு. இப்போதே நிறுத்த முடியுமா? – மயிலாடுதுறை வட்டம்

முடியும். இன்றே 1098. கூடவே மாவட்ட சமூக நல அலுவலரிடம் சொல்லுங்கள், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். அதிகாரிகள் வந்து பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அதோடு நின்றுவிட்டால் விடியற்காலை நாலரை மணிக்கு வேறு மாவட்டத்துக் கோயிலில் தாலி ஏறிவிடும். ஆகவே குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை கேட்கச் சொல்லுங்கள். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். அந்தத் தடையை மீறிக் கட்டிய தாலிக்கு, மற்றக் குழந்தைத் திருமணங்கள் போல மனுப் போட்டு ரத்துச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. 14ஆம் பிரிவுப்படி அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. தகவல் கொடுக்கும்போது பெண்ணின் பள்ளி, இரு வீட்டு முகவரி, போகக்கூடிய கோயில்கள், வேன் ஏற்பாடு செய்தவர் வரை தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருக்கிறாளா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அன்றே மறுபடியும் 1098.